கருப்பை வளையமும் மகளிர் மனநிறைவும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. அவற்றுள் நோயுற்றவர் முதலிடத்தில் வைக்கப்பட்டுள்ளமை எண்ணத்தக்கது. ஆயினும் உலக மருத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் கூறுகளைப் பற்றியே விரித்துரைக்கின்றன. எந்த ஆண்டில் எவர் எதனைக் கண்டார் என்பது பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. அம்மருந்தைத் தம் உடலில் ஏற்றவர் யாது கூறினார், அவர் உள்ளம் நிறைவு எய்தியதா என்பன சுருங்கிய இடமே பெற்றுள்ளன.

கருத்தடை முறைகளின் வரலாறு இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. கருத்தடையை நாடும் பெண் பிணியாளர் அல்லர், உடல்நலம் வாய்ந்தவர். பிணியாளர் நோய் தீரவேண்டும் என்பதற்காகக் கசப்பு மருந்தையும் பொறுத்துக்கொள்வார். நலமுடைய பெண்ணுக்கு அவ்வாறு பொறுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆதலால் அவருடைய மனநிறைவே அம்முறை நிலைத்து நிற்பதற்கும் வீழ்வதற்கும் காரணமாகின்றது. கருப்பைக்குள் பொருத்தப்படும் வளையத்தின் நூற்றாண்டு வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

தொடக்கக் காலம்

1909ஆம் ஆண்டில், அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த வால்டன்பர்க் நகரின் மருத்துவர் ரிச்சர்டு ரிக்டர், பட்டுப்புழுவின் குடலிழையால் செய்த வளையம் ஒன்றைக் கருப்பைக்குள் வைத்துக் கருவுறுதலைத் தடுக்க இயலும் என்று எழுதினார். அவர் எழுத்து அன்று பெரிதாகப் பேசப்படவில்லை. அவருக்குப் பின் பெர்லின் நகர மருத்துவர் எர்னஸ்ட் கிரேஃபன்பெர்க் இதே வழியில் முயன்றார். முதலில் குடலிழையையும் பின்னர் வெள்ளிக் கம்பியையும் கொண்டு வளையங்கள் செய்து, அவற்றின் பயன்களை 1929ஆம் ஆண்டில் இலண்டன் மாநாட்டில் எடுத்துரைத்தார். அவர் கையாண்ட வெள்ளிக் கம்பியில் செம்பும் கலந்திருந்தது. அச்செம்பின் ஆற்றலை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

கிரேஃபன்பெர்க் யூதர். நாஜி ஆட்சியினர் 1937இல் அவரைச் சிறையில் அடைத்தனர். குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் முன்னோடியான மார்கரெட் சாங்கர் முதலியோரின் முயற்சியால் 1940இல் விடுபட்டு அவர் அமெரிக்கா சேர்ந்தார். 1957இல் நியூயார்க் நகரில் மறைந்தார். ஜப்பானில் ஓட்டா தென்ரெய் என்பார் 1934இல் பொன்முலாம் பூசிய வளையத்தை உருவாக்கினார். அங்கும் அரசின் எதிர்ப்புக் குறுக்கிட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றாத அக்காலத்தில், கருப்பைக்குள் அயற்பொருளை வைத்தால் கிருமி தொற்றும் என்று மருத்துவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தால் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வளையம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. 1959இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஓப்பன்ஹைமரும் ஜப்பானைச் சேர்ந்த இஷிஹாமாவும் வெளியிட்ட கட்டுரைகளே அதனை மீண்டும் அவைக்குக் கொணர்ந்தன.

நெகிழியின் வருகை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய நெகிழி, வளையத்தின் உருவை மாற்றியது. வளைந்து கொடுப்பதும் மீண்டும் தன் வடிவைப் பெறுவதும் நெகிழியின் இயல்பு. மெல்லிய குழாயினுள் நீட்டி வைத்துக் கருப்பைக்குள் செலுத்தினால், உள்ளே சென்றதும் அது பழைய வடிவத்தை அடையும். நியூயார்க் மருத்துவர் லாசர் மார்குலிஸ் சுருள் வடிவிலும், பஃபலோ நகர மருத்துவர் ஜேக் லிப்பஸ் இரட்டை எஸ் எழுத்து வடிவிலும் சாதனங்களை அமைத்தனர். லிப்பஸ் தம் சாதனத்தின் முனையில் நைலான் இழை ஒன்றைக் கட்டினார். வளையம் இடத்தில் உள்ளதா என்பதை அப்பெண்ணே அவ்விழையைத் தொட்டு அறிந்துகொள்ளலாம். வேண்டாத பொழுது மருத்துவர் அதனைப் பற்றி எளிதில் வெளியே எடுக்கலாம்.

1962ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மக்கள்தொகை மன்றம் கூட்டிய அனைத்துலக மாநாட்டில் லிப்பஸ் லூப் அறிமுகமாயிற்று. விலை மலிவு, ஒரு முறை பொருத்தினால் பல்லாண்டு பயன் தரும், நாள்தோறும் மாத்திரை உண்ணவேண்டிய நினைவுச் சுமை இல்லை. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய அரசுகளுக்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றியது. ஆனால் ஒரு குறை இருந்தது. மாதவிலக்கின்போது இயல்பாக 30 முதல் 40 மில்லிலிட்டர் அளவு குருதி வெளியேறும். வெறும் நெகிழி வளையம் அதனை ஏறத்தாழ இருமடங்காக்கியது. வலியும் உடன் வந்தது. வளையத்தை அகற்றும்படி கேட்ட மகளிர் பெரும்பாலும் இவ்விரண்டையுமே காரணமாகக் கூறினர். ஆய்வறிக்கைகள் இதனைப் பக்கவிளைவு என்று ஒரு சொல்லில் அடக்கின. மாதந்தோறும் கூடுதலான குருதியை இழந்து சோர்ந்த பெண்ணுக்கோ அது பக்கத்தில் நின்ற விளைவாகத் தோன்றவில்லை. தம் அன்றாட வாழ்வின் நடுவே வந்து நின்ற தொல்லையாகவே இருந்தது.

இந்திய நாட்டின் பட்டறிவு

இந்திய அரசு 1965ஆம் ஆண்டில் லிப்பஸ் லூப்பைத் தன் குடும்ப நலத் திட்டத்தின் தலையாய கருவியாக ஏற்றது. கான்பூரில் அதனைச் செய்யும் ஆலை நிறுவப்பட்டது. முகாம்கள் கூட்டப்பட்டன, பொருத்தும் எண்ணிக்கைக்கு இலக்குகள் வகுக்கப்பட்டன, ஊக்கத்தொகைகளும் வழங்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மகளிர்க்கு வளையம் பொருத்தப்பட்டது. அதன்பின் அவ்வெண்ணிக்கை இறங்கத் தொடங்கியது.

வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. சிற்றூர்களில் பெண் மருத்துவர்கள் போதிய அளவில் இல்லை. பொருத்துவதற்கு இலக்கு இருந்தது. பொருத்திய பின் அப்பெண்ணைச் சென்று காண்பதற்கு ஏற்பாடு இல்லை. இரும்புச்சத்துக் குறைவால் முன்பே குருதிச்சோகை உற்றிருந்த மகளிர்க்கு, மிகுதியான உதிரப்போக்குத் தாங்க இயலாத இழப்பாயிற்று. அவ்வாறு நேரக்கூடும் என்று பலருக்கு முன்னரே சொல்லப்படவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை வதந்தி நிரப்பியது. வளையம் உடலுக்குள் மேலேறிச் சென்றுவிடும் என்றும், உயிருக்கே கேடு செய்யும் என்றும் ஊர்தோறும் பேச்சுப் பரவியது. அதிகாரிகள் அதனை அறியாமை என்று பழித்தனர். ஆயினும் அவ்வச்சத்தின் அடியில் உண்மை ஒன்று கிடந்தது. உடலில் எதிர்பாராத மாற்றம் நிகழ்ந்தபொழுது, அதற்கு விளக்கம் கூற அருகில் எவரும் இல்லை என்பதே அவ்வுண்மை.

கேளாமல் செய்ததும் மறைத்துச் செய்ததும்

இந்தியாவில் நிகழ்ந்தது போதாத விளக்கம். கிரீன்லாந்தில் நிகழ்ந்ததோ அதனினும் கொடிது. டென்மார்க்கின் ஆட்சியில் உள்ள அப்பனித்தீவில், 1966க்கும் 1970க்கும் இடையே ஏறத்தாழ 4,500 இனுயிட் இனப் பெண்களுக்கு லூப் பொருத்தப்பட்டது. கருவுறும் வயதில் இருந்த பெண்களில் அது ஏறக்குறையப் பாதி. அவர்களுள் பலரிடம் இசைவு கேட்கப்படவில்லை. பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்த பள்ளிச் சிறுமியரும் அவர்களுள் அடங்குவர். சிலர் தம் உடலில் வளையம் இருப்பதையே அறியாமல் பல்லாண்டு வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டில் டென்மார்க் வானொலியின் தொடர் ஒன்று இச்செய்தியை விரிவாக வெளிக்கொணர்ந்தது. 2024இல் 143 பெண்கள் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். 2025ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைமையமைச்சர் அம்மகளிரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறப்பு விகிதம் குறைந்ததை அக்காலத்து அதிகாரிகள் வெற்றியாகக் கணக்கிட்டிருந்தனர். அக்கணக்கில் பெண்களின் குரல் சேர்க்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவில் வேறொரு பிழை நிகழ்ந்தது. 1971ஆம் ஆண்டில் டால்கன் ஷீல்டு என்னும் வளையம் அங்கு விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான மருத்துவர் ஹியூ டேவிஸ், ஆண்டுக்கு நூற்றுக்கு 1.1 பேரே கருவுற்றனர் என்று எழுதினார். அதன் விற்பனையில் தமக்கும் பங்குண்டு என்பதை அவர் வெளிப்படுத்தவில்லை. உண்மையான தோல்வி விகிதம் அவர் கூறியதைப்போல் பன்மடங்கு என்பது பின்னர்த் தெரியவந்தது. அதனினும் பெருங்கேடு அவ்வளையத்தின் இழையில் இருந்தது. ஏனைய வளையங்களின் இழை ஒற்றைப் புரியால் ஆனது. டால்கன் ஷீல்டின் இழையோ உறையினுள் பல புரிகளைக் கொண்டது. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அது கிருமிகளை மேலே ஏற்றியது. கடுமையான தொற்று, மலடாதல், கருவுற்ற நிலையில் குருதி நச்சூட்டம், உயிரிழப்பு ஆகியவை நேர்ந்தன. 1974இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. வழக்குகள் பெருகியதால், அதனை விற்ற ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் 1985இல் நொடிப்பு நிலையை அறிவித்தது. ஒரு வளையத்தின் குறையால் எல்லா வளையங்களும் பழி சுமந்தன. அமெரிக்கப் பெண்கள் ஒரு தலைமுறைக் காலம் அவற்றை விட்டு விலகி நின்றனர்.

செம்பும் ஹார்மோனும்

இதே காலத்தில் ஆய்வுக்கூடங்களில் வேறு முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. கருப்பையின் உட்புறத்திற்குப் பொருந்தும் வகையில், டி எழுத்தின் வடிவில் அமைந்த சிறு வளையத்தை ஹோவர்டு டேட்டம் உருவாக்கினார். அதனால் வலியும் உதிரப்போக்கும் குறைந்தன. ஆயின் கருத்தடை ஆற்றலும் குறைந்தது. சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர், செம்புக் கம்பி கருவுறுதலைத் தடுக்கும் என்பதை 1969இல் முயல்களிடம் செய்த ஆய்வால் நிறுவினார். டேட்டத்தின் வடிவமும் சிப்பரின் செம்பும் இணைந்து, தமிழ் மக்களும் நன்கறிந்த காப்பர்-டி பிறந்தது. ஆற்றல் மீண்டது. ஆயினும் மாதவிலக்கின் உதிரப்போக்கு இயல்பினும் ஏறத்தாழப் பாதியளவு கூடுதலாகவே இருந்தது.

இக்குறையை நீக்கும் வழியைச் சிகாகோ மருத்துவர் அந்தோனியோ ஸ்கோமேன்யா 1970ஆம் ஆண்டளவில் காட்டினார். பெண்ணுடலில் இயல்பாகச் சுரக்கும் புரொஜெஸ்டரோன் என்னும் ஹார்மோனை வளையத்திலேயே நிரப்பி, கருப்பைக்குள் சிறிது சிறிதாகக் கசியச் செய்யலாம் என்பதே அவர் கருத்து. அதன் வழியில் தோன்றிய புரொஜெஸ்டாசெர்ட் 1976இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. உதிரப்போக்குக் குறைந்தது. எனினும் ஓராண்டிலேயே அதன் மருந்து தீர்ந்துவிடும். ஆண்டுதோறும் புதிய வளையம் பொருத்தவேண்டும். இத்தொல்லையால் அது பரவலாகவில்லை.

பின்லாந்தின் முயற்சி

இக்குறையைத் தீர்த்தவர் ஹெல்சிங்கி நகர மருத்துவர் தாப்பானி லூக்கைனென். மக்கள்தொகை மன்றத்தின் அனைத்துலக ஆய்வுக் குழுவில் அவரும் ஒருவர். புரொஜெஸ்டரோனுக்கு மாற்றாக லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்னும் செயற்கை ஹார்மோனை அவர் தேர்ந்தார். மாத்திரைகளில் முன்பே வழங்கிவந்த அம்மருந்து மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யவல்லது. டி வடிவச் சட்டத்தின் தண்டில், 52 மில்லிகிராம் மருந்தைத் தாங்கிய சிலிக்கோன் உறை பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் அளவில் மருந்து கசியும். ஒரு கிராமை 10 இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் 20 கூறு என்று மாணவர் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

அம்மருந்து கருப்பை வாயிலின் சளியைத் தடிக்கச் செய்து ஆணணுக்களின் வழியை அடைக்கிறது. கருப்பையின் உட்படலத்தை மெலியச் செய்கிறது. படலம் மெலிவதால் மாதவிலக்கும் சுருங்குகிறது. மிகுந்த உதிரப்போக்குடைய பெண்களிடம் ஸ்வீடனில் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதத்தில் 86 விழுக்காடும் ஓராண்டில் 97 விழுக்காடும் குருதியிழப்புக் குறைந்தது. முந்திய வளையங்களை எந்தத் தொல்லைக்காகப் பெண்கள் வெறுத்தனரோ, அத்தொல்லைக்கே இவ்வளையம் மருந்தாயிற்று. 1990ஆம் ஆண்டில் பின்லாந்தில், துர்க்கு நகர லெய்ராஸ் நிறுவனத்தின் வாயிலாக அது புழக்கத்திற்கு வந்தது. மிரேனா என்னும் பெயரால் அது உலகெங்கும் அறியப்படுகிறது. 1994இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஐந்தாண்டில் செம்பு வளையம் அணிந்தோருள் நூற்றுக்கு 5.9 பேரும், ஹார்மோன் வளையம் அணிந்தோருள் நூற்றுக்கு 0.5 பேருமே கருவுற்றனர்.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒழுங்கற்ற சிறு கசிவு தோன்றும். பின்னர், ஓராண்டு நிறைவில் ஐவருள் ஒருவர் அளவில் மாதவிலக்கே நின்றுவிடும். மாதவிலக்கு நிற்பதைப் பெண்கள் பலர் இரு பொருளில் எடுத்துக்கொள்வர்: கருவுற்றிருக்கலாம், அல்லது உடலில் ஏதோ கோளாறு நேர்ந்திருக்கலாம். எனவே மருந்து செவ்வனே செயற்படுவதன் அடையாளமே அச்சத்திற்குக் காரணமாயிற்று. சிலர் அதற்காகவே வளையத்தை அகற்றிக்கொண்டனர்.

நிறைவை அளந்த ஆய்வுகள்

இந்நிலையில் பின்லாந்து ஆய்வாளர்கள் பெண்களையே வினவினர். 1990களின் தொடக்கத்தில் வளையம் பொருத்திக்கொண்ட மகளிர்க்கு வினாத்தாள்கள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. 17,000க்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். 2002இல் வெளியான அதன் முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. வளையத்தைப் பொருத்துமுன் மருத்துவரும் செவிலியரும் எவ்வளவு விளக்கம் அளித்தனரோ அவ்வளவிற்குப் பெண்களின் மனநிறைவு மிகுந்திருந்தது. மாதவிலக்கு நின்றுபோகலாம் என்று முன்னரே சொல்லப்பட்டவர்களிடம் இத்தொடர்பு மிக வலுவாகக் காணப்பட்டது. நன்மையைச் சொன்னதனால் மட்டும் நிறைவு கூடியது என்பதற்கில்லை. தொற்று, முகத்திலும் முடியிலும் எண்ணெய்ப்பசை, அரிதாகக் கருவுறுதல் முதலிய குறைகளையும் கேட்டறிந்தவர்களே மிகுதியாக நிறைவுற்றிருந்தனர். வளையம் ஒன்றே, மருந்தின் அளவும் ஒன்றே. வேறுபட்டது முன்னர்ச் சொன்ன சொல்.

அதே நாட்டில் வேறோர் ஆய்வும் நடந்தது. மிகுந்த உதிரப்போக்கினால் வருந்திய 236 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு ஹார்மோன் வளையமும், மற்றப் பிரிவினர்க்குக் கருப்பையை அகற்றும் அறுவையும் எனத் திருவுளச்சீட்டுப்போல் முடிவு செய்யப்பட்டது. ஐந்தாண்டு கழித்து 2004இல் வெளியான முடிவின்படி, வளையப் பிரிவில் 94 விழுக்காட்டினரும் அறுவைப் பிரிவில் 93 விழுக்காட்டினரும் நிறைவு தெரிவித்தனர். இவ்வெண்ணை மட்டும் படித்து நின்றுவிடலாகாது. வளையப் பிரிவினருள் 42 விழுக்காட்டினர் அவ்வைந்தாண்டுக்குள் இறுதியில் அறுவையை ஏற்றிருந்தனர். அப்படியிருந்தும் அப்பிரிவின் நிறைவு குன்றவில்லை. முதலில் எளிய வழியை முயன்று பார்க்கவும், அது பொருந்தாவிடில் மாறிக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தமை அதற்கு ஒரு காரணம் எனலாம். பொருத்திக்கொள்ளும் உரிமையைப் போலவே அகற்றிக்கொள்ளும் உரிமையும் மனநிறைவின் ஒரு பகுதி.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் 2007 முதல் 2011 வரை 9,256 பெண்கள் சேர்ந்த பேராய்விலும் இதே போக்குத் தெரிந்தது. அங்கு எல்லா முறைகளும் விளக்கப்பட்டன. கட்டணம் எதுவும் பெறப்படவில்லை. தேர்வு பெண்களிடமே விடப்பட்டது. நால்வருள் மூவர் வளையத்தையோ தோலடிக் குச்சியையோ தேர்ந்தனர். ஓராண்டு கழிந்தபின் ஹார்மோன் வளையம் அணிந்தோருள் 88 விழுக்காட்டினர் அதனைத் தொடர்ந்தனர். வளையம் அணிந்தோருள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நிறைவு தெரிவித்தனர். மாத்திரை உண்டோருள் அவ்வாறு கூறியோர் 54 விழுக்காட்டினரே. டால்கன் ஷீல்டு விதைத்த அச்சம் நிலவிய அதே நாட்டில் இம்மாற்றம் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

இன்னும் சொல்லவேண்டியவை

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஹார்மோன் வளையத்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஐந்தாண்டுக்கென ஏற்கப்பட்ட மிரேனா, கருத்தடைக்கு எட்டாண்டு வரை பயன்படும் என அமெரிக்காவில் 2022இல் ஏற்பளிக்கப்பட்டது. இவற்றால் வரலாறு நிறைவெய்திவிடவில்லை. வளையம் பொருத்தும்போது உண்டாகும் வலியைச் சிறிது நேர அசௌகரியம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கூறிவந்தது. கடுவலியுற்ற பெண்கள் தம் பட்டறிவை உரக்கக் கூறத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வழிகாட்டியைத் திருத்தி, வலியைப் பற்றியும் அதனைத் தணிக்கும் வழிகளைப் பற்றியும் எல்லாப் பெண்களிடமும் முன்னரே பேசவேண்டும் என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டில் வெளியான டென்மார்க் ஆய்வு, ஹார்மோன் வளையம் அணிந்தோரிடம் மார்பகப் புற்றுநோய் வாய்ப்புச் சிறிதளவு கூடியிருப்பதைச் சுட்டியது. இச்செய்தியும் பெண்களிடம் மறைக்கத்தக்கதன்று. அளவறிந்து, அச்சுறுத்தாமல், ஒளிக்காமல் சொல்லத்தக்கது.

ரிக்டரின் குடலிழையிலிருந்து லூக்கைனெனின் சிலிக்கோன் உறை வரை, வளையத்தின் பொருளும் வடிவமும் பலமுறை மாறின. அவ்வளர்ச்சி போற்றத்தக்கது. ஆயினும் நல்ல கருவி கிடைத்தமையாலேயே நல்ல பயன் விளைந்தது என்று இவ்வரலாற்றைப் படித்தல் பொருந்தாது. இந்தியாவில் விளக்கம் குறைந்தது, திட்டம் தளர்ந்தது. கிரீன்லாந்தில் இசைவு கேட்கப்படவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் புண் ஆறவில்லை. டால்கன் ஷீல்டில் உண்மை மறைக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின. பின்லாந்தில் முன்கூட்டியே எடுத்துரைத்தனர். பின்னர் மகளிரிடமே சென்று கேட்டனர். அங்கு நிறைவு விளைந்தது.

எண்ணும் எழுத்தும் பயிலும் மாணவர்க்கும் பயிற்றும் ஆசிரியர்க்கும் இவ்வரலாற்றில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒரு திட்டம் வெற்றி பெற்றது என்று எந்த அட்டவணை கூறினும், அத்திட்டம் எவருக்காக வகுக்கப்பட்டதோ அவரிடம் கேட்டார்களா என்று பார்த்தல் வேண்டும். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் உற்றவரை முன்வைத்த வள்ளுவரின் வரிசைமுறையை, நூறாண்டுப் பிழைகளுக்குப் பின் மருத்துவ உலகம் மெல்ல மெல்லக் கற்றுவருகின்றது.